ஸ்டாட் "இல்லை" என்கிறது, எம்கேடிர் "ஏற்கெனவே இருக்கு" என்கிறது: ஃபோல்டர் இருக்கிறதா என்று மூன்று சிஸ்டத்திலும் எப்படித்தான் கேட்பது?

கிண்டி_எஸ்டேட் (வியாழன், இரவு 11:20)

வணக்கம். கிண்டி எஸ்டேட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து சேமிக்கிறவர்களுக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்கேனரோடு இருக்கும் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ், படங்கள் போய்ச் சேரும் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், பக்கங்களைச் சரிசெய்கிறவர் வைத்திருப்பது மேக். சி மொழியில் எழுதின ஒரே கோடு மூன்றிலும் ஓட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். இருந்தால் அதற்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் உருவாக்கிப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான், அதற்கே இரண்டு வாரமாகிவிட்டது.

முதலில் ஃபைல் திறக்கிற எஃப்ஓபன் ஃபங்ஷனைப் போட்டுத் திறந்து பார்த்தேன், திறந்தால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் ஃபோல்டரையும் படிக்கும் மோடில் திறந்துவிடுகிறது, உள்ளே படிக்கப் போனால்தான் தோற்கிறது. விண்டோஸில் ஃபோல்டர் கண்ணெதிரே இருந்தாலும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. சரி என்று விண்டோஸுக்கு மட்டும், ஃபைலின் தன்மைகளைச் சொல்லும் கெட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிட்டு, வருகிற எண்ணில் டைரக்டரி (அதாவது ஃபோல்டர்) பிட் இருக்கிறதா என்று பார்த்தேன். அது இல்லாத ஃபோல்டருக்கும் இருக்கிறது என்கிறது.

லினக்ஸ் பக்கம், ஒரு பாதையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஸ்டாட் போட்டேன், பல மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரம் திடீரென்று ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஃபோல்டர் இல்லை என்றது. சரி, உருவாக்கு என்று எம்கேடிர் போனால் அது ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லித் தோற்றது. நடுவில் மாட்டிக்கொண்டு புரோகிராம் நின்றுவிட்டது, அன்றைக்கு ஸ்கேன் செய்த பக்கங்கள் சேமிக்கப்படவே இல்லை. தொட்டால் உதிர்கிற தாள் அது. திரும்ப ஒருமுறை கண்ணாடியில் வைத்து எடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கென்று சி-யில் எல்லா இடத்திலும் ஓடுகிற ஒரு ஃபங்ஷன் கிடையாதா?

தரமணி_ஷிப்ட் (வியாழன், இரவு 11:48)

நண்பா, சி++17-க்கு வந்துவிடுங்கள். ஃபைல்சிஸ்டம் ஹெடரில் இஸ்_டைரக்டரி இருக்கிறது, மூன்று சிஸ்டத்திலும் ஒரே வரி. பாதையை மட்டும் கொடுத்துக் கூப்பிட்டால் அனுமதிச் சிக்கல் மாதிரி ஏதாவது வரும்போது எக்ஸெப்ஷன் எறியும், கூடவே ஒரு எரர்_கோட் கொடுத்தால் எறியாது. விஷுவல் ஸ்டுடியோ 2017-இல் 15.7-இலிருந்து உண்டு, மேக்கில் 10.15-க்கு மேல் வேண்டும். ஜிசிசி கம்பைலர் 8 என்றால் லிங்க் செய்யும்போது எஸ்டிடிசி++எஃப்எஸ் லைப்ரரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும், 9-இலிருந்து அது தேவையில்லை.

கிண்டி_எஸ்டேட் (வெள்ளி, காலை 8:05)

நன்றி நண்பா. திரையில் ஆள் பார்க்கிற ஜன்னல் பகுதி சி++ என்பதால் அங்கே இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சர்வரில் இருப்பது ஜிசிசி 4.8.5, சர்வர் அவர்களுடையது, நான் மாற்ற முடியாது. அடியில் இருக்கும் லைப்ரரியும் சுத்தமான சி.

பழைய_டர்போ_சி (வெள்ளி, காலை 9:30)

தம்பி, நீங்கள் கேட்கிற அந்த ஒரு ஃபங்ஷன் கிடையாது. சி ஸ்டாண்டர்டில் டைரக்டரி என்ற சமாசாரமே இல்லை, அதற்குத் தெரிந்தது ஃபைலும் ஃபைலின் பெயரும் மட்டும்தான். டைரக்டரி எல்லாம் போசிக்ஸ் (லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் பொது விதிமுறை) கொடுத்தது, விண்டோஸ் தன் வழியில் கொடுத்தது. ஆகவே இந்த இடத்தில் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் வேறு கோடு எடுக்கிற ஒரு இஃப்டெஃப் வந்தே தீரும், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். அதை ஒரே ஒரு ஃபைலுக்குள் வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் நீங்கள் எழுதின ஃபங்ஷனை மட்டும் கூப்பிடுங்கள். (டாஸ் காலத்தில் ஃபோல்டர் பெயரோடு நல் என்ற டிவைஸ் பெயரை ஒட்டி, அது இருக்கிறதா என்று கேட்போம். இப்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

விண்டோஸ் ஏன் அப்படிச் சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். கெட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ் தோற்றால் ஒரு தனி மதிப்பைத் திருப்பும், அதன் 32 பிட்டும் 1. டைரக்டரி பிட்டின் மதிப்பு 16. எல்லாமே 1-ஆக இருக்கிற எண்ணில் எந்த பிட்டைத் தேடினாலும் கிடைக்கத்தான் செய்யும், 16-உம் கிடைக்கும். அதனால் இல்லாத ஃபோல்டர் எல்லாம் இருக்கிற ஃபோல்டராகத் தெரிகிறது. முதலில் அந்தத் தோல்வி மதிப்பா என்று ஒப்பிட்டுப் பார்த்து, அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிட்டைத் தொட வேண்டும். இதற்கு விண்டோஸின் சொந்த ஸ்டாட்டைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸின் பழைய சி லைப்ரரியான எம்எஸ்விசிஆர்டி-யில் பாதையின் கடைசியில் ஒரு சாய்வுக்கோடு இருந்தால் போதும், இருக்கிற ஃபோல்டரையே இல்லை என்று சொல்லிவிடும், அதனால் நான் அதை விட்டு ரொம்ப நாளாகிறது.

இப்போது உங்கள் ஸ்டாட்டுக்கு வருகிறேன். ஸ்டாட் மைனஸ் 1 கொடுத்தால் ஃபோல்டர் இல்லை என்று எழுதிவிட்டீர்கள், அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. மைனஸ் 1 என்றால் "என்னால் பார்த்துச் சொல்ல முடியவில்லை" என்று மட்டும்தான் பொருள். ஏன் முடியவில்லை என்பது எர்நோ என்ற பிழை எண்ணில் இருக்கும். லினக்ஸில் அது 2 என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. 20 என்றால் பாதையில் நடுவே ஃபோல்டர் என்று நினைத்தது உண்மையில் ஃபைல், ஆகவே அதற்கும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். 13 வந்தால் மேலே இருக்கிற ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. 5 என்றால் டிஸ்க் தகராறு, 116 என்றால் நெட்வொர்க் வழியாக வரும் என்எஃப்எஸ் டிஸ்க்கின் பக்கம் பிடி விட்டுப் போயிருக்கிறது. விண்டோஸிலும் அதே கதைதான், கெட்லாஸ்ட்எரர் 2 அல்லது 3 என்றால் இல்லை. 5 என்றால் அனுமதி இல்லை, 21 என்றால் டிரைவ் தயாராக இல்லை (கார்டு போடாத கார்டு ரீடரில் இது வரும்), 53 என்றால் நெட்வொர்க்கில் அந்த மெஷினே கிடைக்கவில்லை.

அதனால் உங்கள் ஃபங்ஷன் ஆம், இல்லை என்று இரண்டே பதிலோடு இருக்கக் கூடாது. இருக்கிறது, இல்லை, தெரியவில்லை என்று மூன்று பதில் வேண்டும். மூன்றாவது வந்தால் புரோகிராம் எதையும் உருவாக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது, எண்ணோடு சேர்த்து ஆளிடம் சொல்ல வேண்டும். ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட், நெட்வொர்க் அறுந்ததை "ஃபோல்டர் காலி" என்று எடுத்துக்கொண்டு மறுபக்கம் இருந்ததையும் அழித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் புத்தகத்துக்கு எர்நோ என்ன வருகிறது என்று அச்சிட்டுப் போடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

கிண்டி_எஸ்டேட் (வெள்ளி, பகல் 1:15)

சார், சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எர்நோ 75. அனுமதியும் இல்லை, டிஸ்க் தகராறும் இல்லை. பக்கத்து ஃபோல்டர் ஒழுங்காக வருகிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் 75.

பழைய_டர்போ_சி (வெள்ளி, பகல் 1:40)

75 என்றால் ஈஓவர்ஃப்ளோ. நீங்கள் சர்வருக்குக் கொடுத்திருப்பது 32 பிட் பில்ட், அந்த டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், அளவு சில டெராபைட். சரியா?

அப்படியென்றால் நடப்பது இதுதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஃபைல்சிஸ்டம் ஓர் ஐநோடு எண் கொடுக்கிறது. பெரிய எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கில் அந்த எண் 32 பிட்டைத் தாண்டிப் போகலாம். 32 பிட் பில்டில் ஸ்டாட் நிரப்புகிற கட்டமைப்பில் ஐநோடுக்கு இருக்கும் இடமும் 32 பிட்தான். எண் கொள்ளவில்லை, அதனால் முழு அழைப்பும் தோற்கிறது. எக்ஸ்எஃப்எஸ் புதிய ஃபோல்டர்களை டிஸ்க்கின் வெவ்வேறு பகுதிகளில் மாற்றி மாற்றி வைக்கும், அதனால்தான் பக்கத்து ஃபோல்டர் பிழைத்தது, இது மாட்டியது. எம்கேடிர் ஐநோடு எண்ணை உங்களிடம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, ஆகவே அது உண்மையைச் சொன்னது.

கம்பைல் செய்யும்போது _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் என்பதை 64 என்று வையுங்கள், எல்லா ஃபைலுக்கும் ஒன்றாக. ஒரு ஃபைலுக்கு வைத்து இன்னொன்றுக்கு விட்டால் ஸ்டாட் கட்டமைப்பின் அளவு ஆளுக்கு ஒன்றாகிவிடும், அதைத் தேடுவது இதைவிடக் கஷ்டம்.

கிண்டி_எஸ்டேட் (வெள்ளி, பகல் 2:25)

நீங்கள் சொன்ன மூன்றும் சரி சார். 32 பிட், எக்ஸ்எஃப்எஸ், 8 டெராபைட். 64 என்று வைத்து முழுக்க மறுபடி கம்பைல் செய்தேன். அந்த ஃபோல்டர் வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

நங்கநல்லூர்_அக்கா (வெள்ளி, மாலை 6:10)

டர்போ சி சார் சொன்னதெல்லாம் சரி, மூன்று பதில் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, உங்கள் வேலைக்கு முதலில் கேட்கவே வேண்டாம் என்பேன். இல்லாவிட்டால் உருவாக்கப் போகிறீர்கள் என்றால் நேராக உருவாக்கிவிடுங்கள்.

ஏன் என்றால், உங்களிடம் ஒன்றுக்கு மேல் ஸ்கேனர் இருக்கிறது. ஒரே புத்தகத்தின் முதல் பாதி ஒருவரிடம், பின்பாதி இன்னொருவரிடம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், இருவருக்கும் இல்லை என்ற பதில் வருகிறது, இருவரும் உருவாக்கப் போகிறார்கள், ஒருவருக்குத் தோல்வி. கேட்டதற்கும் செய்ததற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் அது இல்லாமல் போகாது.

எம்கேடிர் போடுங்கள். வெற்றி என்றால் வேலை முடிந்தது. தோற்றால் எர்நோவை உடனே ஒரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு, அதற்கப்புறம் சார் சொன்ன ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது டைரக்டரிதானா என்று பாருங்கள். ஆம் என்றால் சந்தோஷமாக மேலே போகலாம். இல்லை என்றாலும் தெரியவில்லை என்றாலும் எடுத்து வைத்த அந்த முதல் எர்நோவைக் காட்டுங்கள். உடனே எடுத்து வைக்கச் சொன்னது ஏனென்றால், பின்னால் கூப்பிடுகிற ஸ்டாட் தோற்றால் அதே எர்நோவின் மேல் எழுதிவிடும். இன்னொன்று, "ஏற்கெனவே இருக்கு" என்கிற 17 வந்தால் மட்டும் பார்ப்பேன் என்று எழுதாதீர்கள். விண்டோஸில் சி டிரைவின் வேரையே உருவாக்கச் சொல்லிப் பாருங்கள், ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லாது, அனுமதி இல்லை என்றுதான் சொல்லும். 17 வந்தாலும் அங்கே இருப்பது அதே பெயரில் ஒரு ஃபைலாக இருக்கலாம். பைத்தானில் மேக்டிர்ஸுக்கு எக்ஸிஸ்ட்_ஓகே கொடுக்கும்போது உள்ளே நடப்பதும் இந்த வரிசைதான்.

எம்கேடிருக்கு லினக்ஸிலும் மேக்கிலும் இரண்டாவதாக அனுமதி எண் கொடுக்க வேண்டும், விண்டோஸில் பாதை மட்டும். அந்த எண்ணை 0755 என்று முன்னால் பூஜ்யம் வைத்து எழுதுங்கள். பூஜ்யத்தை விட்டால் அது தசம 755, எண்ம முறையில் 1363. அதில் உரிமையாளருக்கே படிக்கும் அனுமதி கிடையாது. ஃபோல்டர் உருவாகும், உள்ளே ஃபைலும் எழுதலாம், ஆனால் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டால் வராது. ஒருமுறை இதற்காக அரை நாள் செலவழித்தேன்.

பழைய_டர்போ_சி (வெள்ளி, மாலை 6:45)

அம்மா சொல்வது புத்தக ஃபோல்டருக்குச் சரி. ஆனால் செட்டிங்ஸில் "எங்கே சேமிக்கலாம்" என்று ஆள் கையால் பாதை அடிக்கிற இடம் ஒன்று இருக்குமே, அங்கே கேட்டே ஆக வேண்டும். ஒரு எழுத்து தப்பாக அடித்துவிட்டால், நேராக உருவாக்குகிற கோடு அந்தத் தப்புப் பெயரிலேயே ஒரு மரத்தை நட்டுவிடும், படங்கள் எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல் ஃபோல்டரைக் கேளுங்கள், கீழ் ஃபோல்டரை உருவாக்குங்கள்.

நங்கநல்லூர்_அக்கா (வெள்ளி, மாலை 6:58)

ஆமாம் சார், அங்கே கேட்கத்தான் வேண்டும். அதோடு, லினக்ஸில் வெளி டிஸ்க்கை மவுன்ட் செய்கிற (ஒரு ஃபோல்டரில் இணைக்கிற) இடம் என்றால் கேட்டது மட்டும் போதாது. டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டாலும் அந்த வெறும் ஃபோல்டர் அங்கேயே இருக்கும், இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே பதில் வரும். போன வருஷம் மழை நாளில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தபோது எங்கள் ஆபீஸில் இதுதான் நடந்தது. சர்வர் தானாக எழுந்துவிட்டது, வெளி டிஸ்க் எழவில்லை, ராத்திரி முழுக்க பேக்கப் சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதி அதை நிரப்பிவிட்டது. இப்போது அந்த ஃபோல்டருக்கும் அதன் மேல் ஃபோல்டருக்கும் ஸ்டாட் எடுத்து, எந்த டிஸ்க் என்று சொல்லும் எஸ்டி_டெவ் எண் இரண்டையும் ஒப்பிடுகிறோம். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை.

எழுத்துரு_ஆர்வலர் (வெள்ளி, இரவு 9:20)

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. புத்தகத்தின் பெயரிலேயே ஃபோல்டர் என்றீர்கள், அப்படியானால் பெயர் தமிழில்தானே? விண்டோஸ் ஃபங்ஷன்களில் நீங்கள் கூப்பிடுவது எந்த வடிவம், பெயரின் கடைசியில் டபிள்யூ உள்ளதா இல்லாததா?

டபிள்யூ இல்லாத வடிவம் உங்கள் யுடிஎஃப்-8 எழுத்துகளை மெஷினின் பழைய ஆன்சி கோட்பேஜில் (பைட்டை எழுத்தாக்கும் அட்டவணை) படிக்கும். தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே விண்டோஸில் கிடையாது, தமிழ் யூனிகோடு வழியாக மட்டும்தான். நம் ஊர் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது 1252. அதில் க என்ற எழுத்தின் மூன்று பைட் மூன்று தனி எழுத்தாகிவிடும்: மேலே கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கறுப்புப் புள்ளி. இதில் மோசமான பகுதி என்னவென்றால் உங்கள் புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. உருவாக்கும்போதும் அதே குப்பைப் பெயர், கேட்கும்போதும் அதே குப்பைப் பெயர், ஆகவே "இருக்கு" என்ற பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மல்டிபைட்டுவைட்கேர் கொண்டு, கோட்பேஜ் 65001 கொடுத்து, அகல எழுத்துக்கு மாற்றி, டபிள்யூ வடிவத்தை மட்டும் கூப்பிடுங்கள்.

அடுத்தது மேக். கோயில் என்று ஒரு ஃபோல்டர் இருக்கட்டும். கோ-வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமமாகவே பார்க்கிறது, திரையிலும் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய ஃபைல்சிஸ்டமான எச்எஃப்எஸ்+ எப்போதும் பிரித்துத்தான் சேமிக்கும். சேர்த்து எழுதினால் கோயில் 18 பைட், பிரித்து எழுதினால் 21. லினக்ஸ் பைட்டுக்கு பைட் ஒப்பிடுகிறது, விண்டோஸும் இந்த இரண்டை ஒன்றாகப் பார்ப்பதில்லை. மேக்கிலிருந்து நகல் எடுத்து வந்த கோயில் சர்வரில் இருக்கும், உங்கள் கோடு 18 பைட் கோயிலைக் கேட்கும், இல்லை என்று பதில் வரும், பக்கத்திலேயே இன்னொரு கோயில் உருவாகும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது, ஆகவே மேக்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இந்தச் சிக்கல் படவே படாது.

இதற்கு ஐசியு மாதிரி பெரிய யூனிகோடு லைப்ரரி தேவையில்லை. தமிழில் இப்படிப் பிரிகிறவை நாலே நாலுதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, அப்புறம் ஔ என்ற தனி எழுத்து. பாதையைத் தொடுவதற்கு முன் இந்த நாலையும் சேர்த்துவிடுகிற ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்.

கிண்டி_எஸ்டேட் (சனி, காலை 10:30)

நேற்று ராத்திரி தூங்கவில்லை. விண்டோஸ் மெஷின்களில் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே வட்டத்துக்குள் ஆர், வரிசையாக. 31 ஃபோல்டர். படங்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, பெயர் மட்டும்தான் போயிருக்கிறது, பைட்டுகளைத் திருப்பிப் படித்துப் பெயரை மீட்கலாம் என்பதால் அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிட்டேன். சர்வரில் இரட்டைப் பெயர் மூன்று ஜோடி.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இரண்டு புத்தகத்துக்கு லினக்ஸில் எர்நோ 36 வருகிறது. விண்டோஸில் அதே பெயர் சரியாகப் போகிறது.

எழுத்துரு_ஆர்வலர் (சனி, காலை 11:05)

36 என்றால் பெயர் நீளம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆகவே 85 குறி. மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-இல் 255 என்பது பைட் கணக்கு இல்லை, 16 பிட் அலகுக் கணக்கு, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஓர் அலகு, அதனால் அங்கே இடம் தாராளம். பழைய புத்தகங்களில் தலைப்பு, உரையாசிரியர், ஊர் எல்லாம் முகப்பிலேயே நீளமாக அச்சடித்திருப்பார்கள், அதை அப்படியே பெயராக வைத்தால் 85 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கிண்டி_எஸ்டேட் (சனி, காலை 11:30)

ஆமாம், இரண்டுமே முகப்பு முழுக்க எழுத்தாக இருக்கிற புத்தகங்கள். அவர்களிடம் ஃபோனில் பேசிவிட்டேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர்களே பென்சிலில் எழுதி வைத்திருக்கிற வரிசை எண் ஒன்று இருக்கிறது, இனி ஃபோல்டருக்கு அந்த எண்தான் பெயர், முழுத் தலைப்பும் உள்ளே ஒரு உரை ஃபைலில் இருக்கும். எம்கேடிர் முதலில், தோற்றால் கேள்வி, மூன்று பதில் என்று மாற்றி எழுதியாயிற்று. திங்கட்கிழமை விண்டோஸ் மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.